அடுப்புப் பார்க்கப் போன சனிக்கிழமை

போன கிழமை தர்சினி ரீச்சர் தொலைபேசியில் கூப்பிட்டார். நான் ஓய்வு பெறும்போது விட்டுவிட்டு வந்த உயர்தரப் பிரிவுப் பொறுப்பு இப்போது அவரிடம்தான் இருக்கிறது. வழக்கமாக அவர் கேட்பது ஆய்வுகூடத் திறப்பு எந்த ஆணியில் தொங்குகிறது, அமிலப் போத்தல்களை எந்த அலுமாரியில் வைப்பது என்பது மாதிரியான கேள்விகள். இம்முறை கேட்டது வேறு.

"சேர், ஒரு வீடு பார்க்கப் போகச் சொல்லியிருக்கினம். பிள்ளை உண்மையா இஞ்சதான் இருக்குதோ எண்டு பார்க்கவேணுமாம். நீங்கள் எப்பிடிப் பார்க்கிறனீங்கள்?"

"பிறகு எடுக்கிறன் ரீச்சர்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். சொல்லத் தெரியாமல்தான் வைத்தேன். வாழ்நாள் முழுக்க இரசாயனவியல் படிப்பித்தவனுக்கு, எப்படிப் பார்க்கிறது என்ற கேள்விக்குப் பதில் இல்லை என்றால் வெட்கம்தானே. அதனால் எழுதிப் பார்க்கிறேன். எழுதினாலாவது தெளியுமோ தெரியாது.

வீடு பார்ப்பது என்றால் என்னவென்று வெளியிடத்தாருக்குச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளைகளை எடுக்கும்போது மாவட்டத்துக்கு இத்தனை இடம் என்று ஒதுக்குவார்கள். எங்கள் முல்லைத்தீவு பின்தங்கிய மாவட்டம் என்பதால், யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குத் தேவைப்படும் புள்ளியைவிட எங்கள் பிள்ளைக்குக் குறைவாக வேண்டும். அதனால் வெளியிலிருந்து பிள்ளைகள் வந்து இங்கே சேருவார்கள். அப்படி வருகிறவர்களை "கோட்டாவுக்கு வந்ததுகள்" என்று ஆசிரியர் அறையில் சொல்வோம். பிள்ளை உண்மையிலேயே இங்கே வசிக்கிறதா என்று பாடசாலை உறுதிப்படுத்த வேண்டும். அந்த உறுதி இல்லாவிட்டால் பிள்ளையின் வைத்தியப் படிப்பும் இல்லை, பொறியியலும் இல்லை. விளையாட்டுக் காரியம் இல்லை.

நான் பட்டம் முடித்து, பயிற்சி முடித்து, மரத்துக்குக் கீழே கரும்பலகை சாத்திப் படிப்பித்து, இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, கூரை இல்லாத ஆய்வுகூடத்தில் உப்புப் பரிசோதனை செய்து காட்டிய கதையெல்லாம் இங்கே வேண்டாம். அந்தக் கதை எங்கள் பக்கத்து ஆசிரியர் எல்லாரிடமும் இருக்கிறது. என் கதை கடைசி நாலைந்து வருடத்தில்தான் சிக்கலானது. அதுவும் எங்கள் பாடசாலை அதிபரிடமிருந்து தொடங்க வேண்டும்.

அவரைப் பெரியசேர் என்றுதான் எல்லாரும் சொல்வோம். கதிரையில் இருக்கமுன் முகம் துடைக்கிற லேஞ்சியை விரித்துப் போடுவார். கோபம் வந்தால் கண்ணாடியைத் துடைப்பார். எதைச் சொன்னாலும் "நான் ஒண்டும் சொல்லேல்ல" என்று தொடங்கித்தான் சொல்வார். நல்ல மனுசன். தன் சம்பளத்தில் பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்ததை நான் கண்டிருக்கிறேன். கோட்டாவுக்கு வருகிறவர்கள்மேல் அவருக்கு ஒரு தீராத கோபம் இருந்தது. "எங்கட மாவட்டத்துப் பேரில எத்தினை பேர் டொக்டரானவை, சிவம்? ஒட்டுசுட்டான் ஆஸ்பத்திரிக்கு ஒருத்தராவது வந்தவையோ?" என்று கேட்பார். கேள்வி நியாயமானதுதான். எனக்கும் அந்தக் கோபம் இருந்தது.

வீடு பார்ப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. "ஆக்களைக் கேளாதேங்கோ, சிவம். கேட்டால் பொய் வரும். குசினியைக் கேளுங்கோ." அடுப்பில் சூடு இருக்கிறதா, கிணற்று வாளி ஈரமா, கழுவின கோப்பைகள் கவிழ்த்து வைத்திருக்கிறதா, கொடியில் பாடசாலை உடுப்புக் காய்கிறதா. தண்ணீர் கேட்பார். தண்ணீர் எவ்வளவு நேரத்தில், எந்தப் பாத்திரத்தில் வருகிறது என்று பார்ப்பார். பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார்.

இந்த வித்தை அவர் அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா குடியேற்றத்திட்ட உத்தியோகத்தர். குளத்துக்குக் கீழே வயற்காணி கிடைத்த யாழ்ப்பாணத்தார் உண்மையில் காணியில் இருக்கிறார்களா, அல்லது பேருக்கு ஒரு கொட்டில் போட்டுவிட்டு ஊரில் இருக்கிறார்களா என்று அடுப்பைத் தொட்டுப் பார்ப்பாராம். எனக்கு இது நன்றாகத் தெரியும். ஏனென்றால் என் அப்பா அந்தக் காணிக்காரரில் ஒருவர். ஜீப் வருகிறது என்று சத்தம் கேட்டால், ஊரில் நிற்கிற பக்கத்துக் கொட்டில்காரரின் அடுப்பையும் சேர்த்து மூட்டிவிடுவார். இதைப் பெரியசேருக்கு நான் சொன்னதில்லை. சொன்னால் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

இனி சஹ்லா. அவள் எங்கள் பாடசாலைக்கு வந்தது ஈஸ்டர் குண்டுவெடிப்பு நடந்த வருடம். வாப்பா புதுக்குடியிருப்புச் சந்தையில் துணி விற்பவர். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரையும் புலிகள் இயக்கம் வெளியேறச் சொன்னபோது அவர் குடும்பமும் புத்தளத்துக்குப் போனது. சண்டை முடிந்து பல வருடத்துக்குப் பிறகு திரும்பி வந்து, தன் தகப்பனின் காணியில் வீடு கட்டிக்கொண்டார். எங்கள் பிள்ளைகளுக்கு முஸ்லிம் என்றால் படத்தில் கண்டதுதான். வகுப்பில் அவள் ஒருத்தி மட்டுந்தான்.

குண்டுவெடிப்புக்குப் பிறகு பாடசாலை திறந்தபோது, தாய்மார் வாசலில் நின்று புத்தகப் பைகளைச் சோதித்தார்கள். நான் பொறுப்பாக நின்றேன். மற்றப் பைகளுக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். அவளுடைய பையை மேசையில் கவிழ்த்துக் கொட்டினார்கள். கொம்பாசுப் பெட்டியையும் திறந்தார்கள். அவள் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கி, "தாங்ஸ் அன்ரி" என்று சொல்லிவிட்டுப் போனாள். எதற்கு நன்றி என்று எனக்கு விளங்கவில்லை. அந்தத் தாய்மாருக்கும் விளங்கவில்லை, முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. அடுத்த நாளும் கொட்டினார்கள்.

பிறகு அந்தப் பயம் போய்விட்டது. கோட்டாப் பயம் வந்தது. அவள் உயிரியல் பிரிவுக்கு வந்து முதல் தவணையிலேயே முன்னுக்கு நின்றாள். அதற்குப் பிறகுதான் ஆசிரியர் அறையில் கதை தொடங்கியது. புத்தளத்தாள், கோட்டாவுக்கு வந்தவள், மெடிசினைத் தூக்கிக்கொண்டு போகப்போறாள். கடைசி நிலையில் நின்றிருந்தால் அவள் எங்கே படுக்கிறாள் என்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

அதே வகுப்பில் என் மருமகன் கஜன் இருந்தான். யாழ்ப்பாணத்திலிருக்கும் என் தங்கச்சியின் மகன். சாதாரணதர வகுப்புக்கே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டதும் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய், ரியூசன் படித்துவிட்டு, திங்கள் விடியத் திரும்புவான். அவனைப் பற்றி ஆசிரியர் அறையில் யாரும் கோட்டா என்று சொல்லவில்லை. "சிவம் மாஸ்டரின் மருமகன்" என்றார்கள். அவன் அப்படித்தானே.

ஒரு நாள் பெரியசேர் என்னைக் கூப்பிட்டார். "நான் ஒண்டும் சொல்லேல்ல, சிவம். ஆனா அந்தப் பிள்ளை வகுப்பில நித்திரை தூங்குதாம். விடிய பஸ்ஸால வந்து இறங்கிற பிள்ளை மாதிரி இருக்குதாம். கன்ரீன் பக்கமும் காணேல்ல, ஒருத்தரோடயும் ஒட்டுறேல்ல. ஒருக்கால் போய்ப் பார்ப்பம். உம்மட மருமகனையும் சேர்த்துப் பார்ப்பம். அப்பதான் ஞாயம்." அவர் ஞாயஸ்தன் என்றுதான் நான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

சனிக்கிழமை முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தார். மனைவி இஞ்சி போட்டுத் தேத்தண்ணி வைத்து, உழுந்து வடையும் சுட்டு வைத்திருந்தாள். அதிபர் வீட்டுக்கு வருகிறார் என்றால் சும்மாவா. குசினி முழுக்கப் புகை. பெரியசேர் இரண்டு வடை சாப்பிட்டு, கொடியில் தொங்கிய கஜனின் வெள்ளைச் சேட்டைப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார். கஜன் அந்த நேரம் யாழ்ப்பாணத்தில் பௌதிகவியல் ரியூசனில் இருந்தான். பெரியசேர் கேட்கவில்லை, கேட்பது அவர் முறை இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எனக்கு அது மறைக்கிற விஷயமாகவே தெரியவில்லை.

அங்கிருந்து என் மோட்டார் சைக்கிளில் சஹ்லா வீட்டுக்குப் போனோம். மத்தியானம் ஆகிக்கொண்டிருந்தது. அரைவாசி பூசின கல்வீடு. தாய்தான் நின்றார். சஹ்லா வகுப்புக்குப் போயிருந்தாள், தகப்பன் சந்தையில்.

"வாங்கோ சேர், வாங்கோ, இருங்கோ" என்று கதிரைகளைத் துடைத்தார். பெரியசேர் லேஞ்சியை விரித்து இருந்தார். தண்ணீர் கேட்டார். தாய் கண்ணாடி அலுமாரியைத் திறந்து, ஒரு கிளாசை எடுத்து, கழுவித் துடைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்.

"தேத்தண்ணி ஊத்தட்டோ சேர்?"

"வேண்டாம் தங்கச்சி, வேண்டாம்."

தாயின் முகத்தில் ஒரு சந்தோசம் தெரிந்தது. தேத்தண்ணி போடாமல் தப்பியதற்கா சந்தோசம் என்று எனக்குள் நினைத்தேன். கை கழுவும் சாட்டில் பெரியசேர் பின்பக்கம் போனார். நானும் போனேன். குசினி துடைத்துவிட்ட மாதிரிக் கிடந்தது. அடுப்பில் சாம்பல்கூட இல்லை. சட்டிகள் கவிழ்த்திருந்தன, காய்ந்திருந்தன. ஒரு வெங்காயத் தோல் கிடையாது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சமைத்த வாசனை இல்லாத வீட்டை நான் அன்றுதான் பார்த்தேன். பெரியசேர் அடுப்புக் கல்லைத் தொட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையே போதும்.

திரும்பி வரும்போது பின்னாலிருந்து காதுக்குள் சொன்னார். "எங்களுக்காக வந்து திறந்து வைச்ச வீடு, சிவம். கிளாசை அலுமாரிக்குள்ள இருந்து எடுக்கிறா." எனக்கும் சந்தேகமில்லை. சொல்லப்போனால் அவரைவிட எனக்குக் கோபம் கூட. எங்களை முட்டாளாக்கப் பார்க்கிறார்கள் என்று பட்டது. அவளுடைய உறுதிப்படுத்தலை நிறுத்தி வைப்பது என்று முடிவாயிற்று.

அடுத்த கிழமை உயர்தர வகுப்புக்கு அமில, கார நியமிப்புச் செய்முறை. அளவாகத் திரவம் எடுக்கப் பிப்பெற் என்கிற கண்ணாடிக் குழாயைப் பாவிப்போம். அதற்கு மாட்டுகிற றப்பர் உறிஞ்சி எங்களிடம் ஒன்றுதான் இருந்தது, அதுவும் வெடித்துப்போய்க் கிடந்தது. ஆகவே பழைய முறை. வாயால் கோடு வரை உறிஞ்சி, விரலால் பொத்த வேண்டும். முதலில் வெறும் தண்ணீரில் பழக்குவேன். எல்லாரும் உறிஞ்சினார்கள். சஹ்லா குழாயைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள்.

"என்ன பிள்ளை, படிக்க வந்தனீரோ, வேடிக்கை பார்க்க வந்தனீரோ?"

"சேர், நான் பெருநாள் முடியச் செய்யட்டோ? தண்ணி வாய்க்குள்ள போனால் நோன்பு முறிஞ்சிடும்."

நான் சரி என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனேன். அங்கே போய் நின்றபிறகுதான் மண்டைக்குள் போனது. நோன்பு. பகலில் தண்ணீரும் இல்லை. விடியமுன் எழும்பிச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டுக் குசினியைக் கழுவி விடுவார்கள். பகலில் யாரும் கிளாஸ் எடுக்கமாட்டார்கள். விடியமுன் எழும்பிய பிள்ளை வகுப்பில் தூங்கும். கன்ரீனுக்குப் போகாது. நோன்பு என்று ஒன்று இருக்கிறது என்பது எனக்கும் பெரியசேருக்கும் தெரியாமலா? கலண்டரில் பெருநாளுக்குச் சிவப்பு அடித்திருக்கிறது, விடுமுறை எடுக்கிறோம். ஆனால் அந்தக் குசினியில் நின்றபோது இரண்டு பேரில் ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் இன்றும் தலையைப் பிய்த்துக்கொள்கிறேன். மறதி என்றால் மறதிதான். ஆனால் வேறெந்த வீட்டிலும் எங்களுக்கு இப்படி மறந்ததில்லை.

பெரியசேரிடம் ஓடினேன். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"அப்ப அடுப்பு எப்ப எரியும்?"

"பின்னேரம், சேர். நோன்பு திறக்கிற நேரம்."

"போய்ப் பாரும். எரியும். ஆனா சிவம், எரிஞ்சால் மட்டும் இருக்கினம் எண்டு ஆகுமோ? என்ர அப்பா போன இடமெல்லாம் அடுப்பு எரிஞ்சதுதானே."

அணைந்த அடுப்பு ஒன்றையும் சொல்லவில்லை என்றால், எரிகிற அடுப்பு மட்டும் என்னத்தைச் சொல்லும்? அவர் சொன்னது சரி. என் அப்பாவை நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அன்று பின்னேரம் தனியாகப் போனேன். தூரத்திலேயே கஞ்சி வாசம் வந்தது. சந்தையிலிருந்து வந்த தகப்பன் பாயை விரித்துக்கொண்டிருந்தார். என்னையும் இருத்தினார்கள். தொழுகைக்கான பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம் ஒன்றைக் கையில் தந்தார்கள். தாய் சஹ்லாவிடம் என்னவோ சொல்ல, அவள் சிரித்தாள்.

"என்ன பிள்ளை?"

"அண்டைக்குப் பெரியசேர் தேத்தண்ணி வேண்டாம் எண்டவராம். எங்கட நோன்பை மதிச்சுத்தான் அப்பிடிச் சொன்னவர் எண்டு உம்மா எல்லாருக்கும் சொல்லித் திரியிறா."

இதற்கு என்ன சொல்லலாம்? ஓம் என்றால் பொய், இல்லை என்றால் அந்த மனுசியின் சந்தோசத்தில் மண். கஞ்சி நல்லாயிருக்கு என்று மட்டும் சொன்னேன். எனக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் கோபமாகவும் இருந்தது, யாரில் என்று தெரியவில்லை.

பெரியசேரின் முறையை அன்று விட்டுவிட்டேன். நேரே கேட்டேன். "நீங்கள் இஞ்சதான் இருக்கிறியளோ? ஒளிக்காமல் சொல்லுங்கோ. பிள்ளையின்ர படிப்பு இதிலதான் இருக்கு."

தகப்பன் கோப்பையைக் கீழே வைத்தார். "ஒளிக்க என்ன இருக்கு சேர். மாதத்தில ரெண்டு தரம் புத்தளம் போறம். என்ர உம்மா அங்க படுக்கையில. அங்க ஒரு வீடு இருக்கு. லீவு விட்டால் பிள்ளையள் அங்கதான். இதுவும் எங்கட வீடு. நான் பிறந்த காணி."

எனக்கு எரிச்சலாக இருந்தது. இஞ்சதான் இருக்கிறம் எண்டு ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் நிம்மதியாக எழும்பிப் போயிருப்பேன். சஹ்லா கோப்பைகளை எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"சேர், புத்தளத்தில எங்களை வடக்கார் எண்டுதான் சொல்றது. அங்க படிச்சால் எங்கட இடத்தைப் பிடிக்க வந்தவை எண்டுவினம். இஞ்ச புத்தளத்தார் எண்டினம். நான் எங்க இருக்கிறன் எண்டு நீங்களே எழுதுங்கோ. நீங்கள் எழுதுற இடத்தில நான் சோதினை எடுக்கிறன்."

கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் விடை வராதபோது வந்து கேட்பது போலத்தான் கேட்டாள். எனக்கும் விடை வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கணக்குப் போட்டேன். அவள் பாடசாலை நாள் முழுக்க இங்கே, லீவுக்கு அங்கே. கஜனும் பாடசாலை நாள் முழுக்க இங்கே, சனி ஞாயிறு அங்கே. இவளுடைய வாப்பா பிறந்த மண் இது. அவனுக்கு இங்கே மாமன் வீடு. கோட்டா இங்கேயே கிடந்து உழைக்கிற பிள்ளைகளுக்கு என்றால், இரண்டு பேருக்கும் இல்லை. கிடைக்கும் என்றால், இரண்டு பேருக்கும். எப்படிப் போட்டாலும் ஒருவரைச் சேர்த்து மற்றவரை விட முடியவில்லை.

மறுநாள், "இங்கு வசிக்கிறார்" என்று அவளுக்கு எழுதினேன். பெரியசேர் வாசித்தார். "நான் ஒண்டும் சொல்லேல்ல. நீர் எழுதினபடியால் வைக்கிறன்" என்று ஒப்பமிட்டார். அவருக்கு நம்பிக்கை வந்ததா என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, அவர் பழக்கம் என்னிடமும் தொற்றியிருந்தது.

பரீட்சை முடிவு வந்தது. சஹ்லாவுக்கு எங்கள் மாவட்டத்திலிருந்து மெடிசின் கிடைத்தது. கஜன் வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டான். கணக்கை என் தங்கச்சியே போட்டுவிட்டாள். இரண்டு நாள் அழுதுவிட்டு எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அண்ணை, உங்கட கையெழுத்தாலதான் அந்தப் பெட்டை போனது. அவள் இல்லாட்டில் அந்த இடம் என்ர பிள்ளைக்கு. வெளியில இருந்து வந்தவளுக்குத் தூக்கிக் குடுத்திட்டியள்."

"நீயும் யாழ்ப்பாணத்திலதானே இருக்கிறாய் பிள்ளை" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அன்றிலிருந்து அவள் என்னோடு கதைப்பதில்லை. என் மனைவியோடு கதைப்பாள், நான் பக்கத்தில் இருந்தால் வைத்துவிடுவாள். ஒரே ஒரு தங்கச்சி. அது எனக்குப் பெரிய நோவு, மறைக்கவில்லை.

கஜன் இப்போது விவசாய பீடத்தில் படிக்கிறான். போன வருடம் வந்து நின்றபோது தானாகக் கேட்டான்.

"மாமா, அண்டைக்குப் பெரியசேர் வந்தபோது நான் எங்க எண்டு கேட்டவரோ?"

"இல்லை."

"கேட்டிருந்தால்?"

"யாழ்ப்பாணம் எண்டு சொல்லியிருப்பன்."

"சொல்லியிருந்தால் அவர் என்ன செய்திருப்பார்?"

யோசித்துப் பார்த்தேன். இன்னொரு வடை எடுத்திருப்பார். அப்படித்தான் நினைக்கிறேன். அதை அவனிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

இவ்வளவும் எழுதியபிறகு நேற்று தர்சினி ரீச்சருக்கு எடுத்தேன். எழுதித் தெளிந்தது ஒன்றும் இல்லை, ஆனால் ஒரு கேள்வி மட்டும் இருந்தது.

"யாற்ற வீடு பார்க்கச் சொன்னவை, ரீச்சர்?"

"சஹ்லாவின்ர தம்பியின்ர வீடு, சேர். இந்த முறை அவர் உயர்தரம்."

"வேற வெளிப்பிள்ளையள் இல்லையோ?"

"இருக்கினம் சேர். அவை எங்கட ஆக்கள்தானே, பார்க்கத் தேவையில்லையாம்."

"சரி. அங்க போக முதல் ஒருக்கால் என்ர வீட்டை வாங்கோ. என்ர மருமகன்ர அறை அப்பிடியே கிடக்கு. கட்டில், மேசை, சேட்டுத் தொங்கின கொடி எல்லாம் இருக்கு. பார்த்துப்போட்டு அவன் இஞ்ச இருந்தவனோ இல்லையோ எண்டு எனக்குச் சொல்லுங்கோ. அதைச் சொல்லத் தெரிஞ்சால் பிறகு அந்த வீட்டை போங்கோ."

நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, சனிக்கிழமை வருவதாகச் சொன்னார். அன்று அவர் வந்து போகும்வரை அடுப்பு மூட்ட வேண்டாம் என்று மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.